வருஷா வருஷம் கலையும் அணி

ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஏதாவது ஒரு துறையின் அணிக்கு ஆடுவதுதான் நம் ஊர் கூடைப்பந்து வீராங்கனைக்குத் தொழில்முறை ஆட்டம். பெண்களுக்கென்று நிலைத்து நின்ற லீக் எதுவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையும் மாலையும் பயிற்சி, போட்டி வந்தால் ஸ்பெஷல் லீவு. இந்திய அணியின் கேப்டனாக இருந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். கீது அன்னா ஜோஸும் அங்கிருந்துதான் ஆஸ்திரேலியா போய் ஆடினார், 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் அணிகளுடைய தேர்வு வரை போனார். நானும் ஒரு துறை அணியில்தான் இருந்தேன், அவர்கள் உயரத்துக்கு இல்லாவிட்டாலும்.

துறை அணியின் பலம் ஒன்றுதான்: அதே ஆட்கள் பல வருஷம் சேர்ந்து ஆடுவார்கள். நான் பாஸ் போடும்போது எதிரே யார் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று பார்க்கவே வேண்டாம். பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) கோச்சிங் டிப்ளமோவை முடித்துவிட்டு மகளிர் கல்லூரி ஒன்றில் கோச்சாகச் சேர்ந்தபோது முதலில் தட்டுப்பட்ட வித்தியாசமும் இதுதான். இங்கே யாரும் தங்குவதில்லை. முதல் வருஷம் வருகிறவள் பள்ளியில் ஸ்டாராக இருந்தவள், பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டாள். இரண்டாம் வருஷம் ஆட்டம் பிடிபடும். மூன்றாம் வருஷம் கண்ணாலேயே அணியை நடத்துவாள். சரி, இனி கவலையில்லை என்று நினைக்கும்போது டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது டான் ஸ்டேலியைப் பற்றி. அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர், ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது அவரே இன்னும் டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டிருந்தார். 2006 வரை இரண்டு வேலையும் ஓடியது. 2008இல் தென் கரோலினா பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாகப் போனார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. அவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கே அப்படி. கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம் முதன்முதலில் 2017இல்தான் வந்தது.

ஆனால் நான் மாணவிகளுக்குச் சொல்லும் கதை 2023இல் நடந்தது. அந்த வருஷம் ஸ்டேலியின் அணி 36 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு தேசியப் போட்டியின் அரையிறுதியில் அயோவா பல்கலைக்கழகத்திடம் 77-73 என்று தோற்றது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 41 புள்ளி எடுத்தார். அதைவிட, ஸ்டேலி அணியின் ரேவன் ஜான்சன் என்ற கார்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்க, கிளார்க் கிட்டேகூடப் போகாமல் 'நீ போட்டுக்கோ' என்பதுபோலக் கையை வீசினார். அந்த வீடியோ எங்கும் பரவியது. சீசன் முடிந்ததும் ஸ்டேலி அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரும் போய்விட்டார்கள். ஜான்சன் இருந்தார். அடுத்த வருஷம் அவர் வெளியிலிருந்து போடுவதில் தேறி வந்தார். 2024 இறுதியாட்டத்தில் கிளார்க்கையே காவல் காத்து, முதல் பாதி முடியும் நேரத்தில் அவர் கையிலிருந்து பந்தைப் பறித்து ஓடிப்போய்க் கூடைக்கு அருகே லே-அப் போட்டார். 87-75 என்று தென் கரோலினா ஜெயித்தது. சீசன் முழுக்க 38 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை.

தொடக்க ஐவரும் போன பிறகும் அது எப்படி முடிந்தது? திறமைசாலிகளைத் தேடிச் சேர்க்க அங்கே பணமும் பெயரும் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் பயிற்சியில் எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று புதியவர்களுக்குக் காட்டப் பழையவர்கள் சிலர் இருந்தார்கள் அல்லவா, என் கண் அதில்தான் போகிறது.

அதனால் நான் பிளே, அதாவது ஆட்டத் திட்டம், சொல்லித்தரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கடத்தக்கூடிய பழக்கங்களுக்கு அதைக் கொடுக்கிறேன். உதாரணத்துக்கு, தரையிறங்குவது. முழங்கால் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குவது ஒரு முக்கியக் காரணம். எங்கள் கோர்ட் சிமெண்ட் தரை வேறு. கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்டு) பிடிக்கக் குதித்தால் இரண்டு காலிலும், முட்டியை மடக்கி, 'தொப்'பென்று சத்தம் வராமல் இறங்க வேண்டும். சத்தம் கேட்டால் நான் திரும்புவதற்குள் ஒரு மூன்றாம் வருஷப் பெண் சொல்லிவிடுவாள்: "ஏய், முட்டி வெளியே பார்க்கணும்." அந்தக் குரல் என்னுடையதாக இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். மேம் சொன்னால் மறந்துவிடும், சீனியர் அக்கா சொன்னால் மறக்காது.

அப்புறம் மைதானத்துக்கு வெளியே உள்ள வேலை. போட்டிக்குப் போகும் நாளுக்கு வருகைப்பதிவு தரும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்துக்குக் கையெழுத்து, அரியர் தேர்வும் மண்டலப் போட்டியும் ஒரே நாளில் மோதுவது, ஆறரை மணிக்கு மேல் பயிற்சி கூடாது என்று போன் செய்யும் அப்பாக்கள். நான் ஆடிய காலத்தில் இதெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். ஓ.டி. பட்டியலை இப்போது கேப்டனே எழுதுகிறாள், பக்கத்தில் ஒரு ஜூனியரை உட்கார வைத்துக்கொண்டு.

இந்த வருஷத் தேர்வில் உயரமான பெண் ஒருத்திகூட வரவில்லை. கூடைக்கு அடியில், போஸ்டில் நின்றவள் போன மே மாதமே படிப்பை முடித்துவிட்டாள். வந்தவர்கள் குட்டை, ஆனால் நல்ல ஓட்டக்காரிகள். ஃபுல் கோர்ட் பிரஸ்தான், அதாவது கோர்ட் முழுக்க எதிரணியை நெருக்கித்தான், ஆட வேண்டியிருக்கும். அதற்கு மூச்சு வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டம் ஆரம்பம்.