காசு கொடுத்துக் கேட்ட கருத்து

மூன்று ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த பதினொரு சிறுகதைகளைப் புத்தகமாக்கலாம் என்று எண்ணியபோது, என்னோடு கற்பிக்கும் இரண்டு ஆசிரியைகளிடமும் கிளிநொச்சி நகரிலுள்ள ஒரு நண்பரிடமும் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். மூவருமே, "நல்லா வந்திருக்கு அக்கா, சுணங்காமல் புத்தகமாய்ப் போடுங்கோ" என்றார்கள். அவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அவர்களில் ஒருவர் 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர். அந்த நாள்களைப் பற்றிய கதையில் நான் எழுதாமல் விட்ட இடங்களைக்கூட அவர் தம் நினைவிலிருந்து நிரப்பி வாசித்துவிடுகிறார். எந்தப் பத்தி மிகை, எது போதவில்லை என்று அவரிடம் கேட்பது நியாயமாகவும் படவில்லை.

என்னை அறியாத, என் கதைகளுக்காக நேரம் ஒதுக்குவதற்குக் கூலி பெறுகிற ஒருவர் வேண்டும் என்று அப்போதுதான் முடிவுசெய்தேன். எங்கள் பக்கத்தில் அச்சகத்துக்குப் போனால் தட்டச்சு, அட்டை, கட்டுதல், எத்தனை பிரதிகள் என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்வார்கள். செவ்விதாக்கம் (எடிட்டிங்) என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்றே விளங்கிக்கொள்வார்கள். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண் இது. பழைய ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்துவதை அரும்பணியாக மதிக்கும் நாம், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் பிரதியை இன்னொருவர் திருத்துவதை மட்டும் இழுக்காக நினைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தேடுவதற்கு நான் கண்ட வழி எளியது. எனக்குப் பிடித்த சிறுகதைத் தொகுப்புகளின் பதிப்பு விவரப் பக்கத்தையும் முன்னுரையில் நன்றி சொல்லும் பகுதியையும் பார்த்து, செவ்விதாக்கம் செய்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அவர்களில் இருவருக்கு எழுதினேன். மெய்ப்புப் பார்ப்பது வேறு, வாக்கியங்களைச் செப்பமிடுவது வேறு, கதையின் அமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வது வேறு. எனக்கு வேண்டியது மூன்றாவது என்பதையும், இரண்டாவது ஓரளவுக்குப் போதும் என்பதையும் முதல் மடலிலேயே தெளிவாகச் சொன்னேன். முழுப் பிரதியையும் ஒப்படைக்கும் முன்னர், ஒரே கதையின் பத்துப் பக்கங்களை இருவருக்கும் அனுப்பி, அதற்குரிய கூலியைத் தனியே கொடுத்தேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்ததை யுனிகோடுக்கு மாற்றியபோது சில எழுத்துகள் சிதைந்திருந்ததால், அவற்றை நானே ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அவர்களின் நேரமும் என் காசும் அதிலேயே கரைந்திருக்கும்.

அந்தப் பத்துப் பக்கங்கள்தாம் எனக்கு எல்லாவற்றையும் காட்டின. கதை, இரணைமடுக் குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறக்கப்பட்ட 2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றியது. அதில் ஒரு கிழவர், "குளம் வான் பாயுது" என்று சொல்லிக்கொண்டு ஒழுங்கையால் ஓடிவருவார். முதலாமவர் அதை "வானம் பொழியுது" என்று மாற்றியிருந்தார். 'கொட்டில்' குடிசையாகவும், 'சிறுபோகம்' குறுவையாகவும் மாறியிருந்தன. எந்த இடத்திலும் ஒரு கேள்விகூட இல்லை. வாக்கியங்கள் வழவழப்பாக ஓடின. ஆனால் அவை, கதை நடக்கும் வட்டக்கச்சியில் நடக்கவில்லை. இரண்டாமவரும் தமிழகத்தவர்தாம். அவர் அதே சொல்லின் கீழே கோடிட்டு, "வான் என்பது எங்கள் ஊர்க் கலிங்கா? அப்படியானால் சொல்லை மாற்ற வேண்டாம். முந்திய வாக்கியத்தில் நீர் வெளியேறும் இரைச்சலை ஒருமுறை கேட்கவைத்தால் எந்த ஊர் வாசகருக்கும் விளங்கிவிடும்" என்று எழுதியிருந்தார். அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்க்கலாமா என்று பல நாள் குழம்பியிருந்த எனக்கு, கதைக்குள்ளேயே விடை இருக்கிறது என்பதை அறிமுகமற்ற ஒருவர் இரண்டு வரியில் காட்டிவிட்டார்.

அவரிடமே முழுப் பிரதியையும் கொடுத்தேன். பாதிப் பணம் முன்னதாக, மீதி வேலை முடிந்த பின்னர் என்பது ஏற்பாடு. சென்னையிலுள்ள உறவினர் மூலம் அனுப்பிவைத்தேன். மொத்தத்தில் ஆறு மூட்டை நெல்லின் விலை அது. சிறுபோகம் கைகொடுத்திராவிட்டால் இந்த ஆண்டும் தள்ளிப்போட்டிருப்பேன்.

ஆறு வாரங்களில் பிரதியோடு ஒரு நீண்ட கடிதமும் வந்தது. இரண்டு கதைகளைத் தொகுப்பிலிருந்து நீக்கலாம் என்றிருந்தார்; ஒன்றுக்கு உடன்பட்டேன், மற்றதற்குக் காரணம் சொல்லி மறுத்தேன், அவர் அதை ஏற்றுக்கொண்டார். மனிக்பாம் கதையைப் பற்றி அவர் எழுதியிருந்ததுதான் என்னை இரண்டு நாள் பேசாமல் இருக்கவைத்தது. தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் தாய் என்ன நினைக்கிறாள் என்று நான் மூன்று பக்கங்களுக்கு விளக்கியிருந்தேன். "அவளுடைய கையில் இருக்கும் வாளி எந்த நிறம், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஓரிடத்திலும் இல்லையே" என்று கேட்டிருந்தார்.

அது நீல வாளி. காது ஒன்று உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அந்த மூன்று பக்கங்களையும் எடுத்துவிட்டு, கயிறு அவள் உள்ளங்கையில் பதிந்த தடத்திலிருந்து கதையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.