ஆறாவது வரி

"அந்த 'நோ'வை எடுத்திருக்கலாமே. நான் தலையை ஆட்டியிருப்பேன்."

எங்கள் தொடரில் ஒருநாள் நடிக்க வந்திருந்த பெரியவர் இதைச் சொன்னது படப்பிடிப்புத் தளத்துக் கோப்பி மேசையடியில். குரலில் கோபம் இல்லை. தன் காகிதக் கோப்பைக்குப் பொருத்தமான மூடியைத் தேடிக்கொண்டே சொன்னார். "மேலே சொல்லிப் பார்க்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த மூடி கடைசியில் சரியாகப் பொருந்தவில்லை என்பதுகூட நினைவிருக்கிறது.

ரொறன்ரோவில் தொலைக்காட்சித் தொடர்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடிகர் சங்கமான ஆக்ட்ராவின் ஒப்பந்தத்தில் ஐந்து வரி வரைக்கும் பேசுகிறவர் 'அக்டர்'. ஆறாவது வரி வந்துவிட்டால் அவர் 'பிரின்சிபல்'. ஒரு வரி என்பது பத்துச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். பதினொன்றாவது சொல் வந்தால் இரண்டு வரி. வெறும் 'நோ'வும் ஒரு வரிதான். இரண்டு வகுப்புக்கும் நாட்சம்பளத்தில் ஓரிருநூறு டொலர் வித்தியாசம். எண்ணுகிற வேலை என்னுடையது. ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டர் என்று பெயர். திருத்தம் வந்தால் வெள்ளைத் தாள் நீலமாகும், நீலம் ரோஸாகும், பிறகு மஞ்சள். யார் கையில் எந்த நிறம் இருக்கிறது என்று பார்ப்பதும், சொற்களை எண்ணுவதும்தான் பிழைப்பு. நன்றாக எண்ணுவேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அந்த எபிசோட்டில் ஒருநாள் நடிகர்கள் நான்கு பேர். இரண்டு பேரையாவது ஐந்துக்குள் கொண்டுவர முடியுமா என்று தயாரிப்புப் பக்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எந்த வரி என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் கோடு போட்டேன். கதை எழுதியவர் தொலைபேசியில் "சரி, சரி" என்றார். அவருக்கு அடுத்த எபிசோட் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரோஸ் தாள் போனது. ஒப்பந்தம் ரோஸ் தாளின்படிதான் எழுதப்பட்டது. ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதை எனக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் ஒடிஷனுக்கு வந்தது வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு.

செத்துப்போன பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர் வேடம். பொலிஸ் வந்து கேட்கிறது, இவர் வாசலில் நின்று பதில் சொல்கிறார். ஆறு வரியில் ஐந்து வெறும் தகவல்: எப்போது பார்த்தார், கார் நின்றதா, சத்தம் கேட்டதா. மிச்சம் ஒன்றில், அவள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது எப்போதும் கழுவித்தான் தருவாள் என்பார். ஆங்கிலத்தில் சரியாகப் பத்துச் சொல். அது இல்லாவிட்டாலும் கதை நகரும். அதனால்தான் அதை எடுத்தேன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

கோப்பி மேசையடியில் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது அந்த வெள்ளைத் தாளைத்தான். நாலாக மடித்து, மடிப்பு நைந்துபோயிருந்தது. அந்த வரிக்கு மேலே பென்சிலால் சின்னதாக ஒரு கிண்ணம் வரைந்திருந்தார். "இது எங்கே போனது?" என்று கேட்டார். எழுத்தாளர்கள் நேரத்துக்காகக் குறைத்துவிட்டார்கள் என்றேன். "ஓ, நேரம்" என்றார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எண்ணினார். ஐந்து வரியும் ஒரு கைக்குள் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த 'நோ' பேச்சு வந்தது. அவர் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஐந்துதான் வேண்டுமென்றால் ஐந்து. எந்த ஐந்து என்று என்னைக் கேட்டிருக்கலாம்."

நான் அதுவரைக்கும் அவர் பணத்துக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் ஒன்ராறியோவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் வளர்ந்த நடிகர். 1953இல் அங்கே கூடாரத்தில் ஷேக்ஸ்பியர் விழா தொடங்கியபோது இவர் இல்லை. கூடாரம் போய் 1957இல் கட்டடம் வந்த பிறகு, ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் ஒருவராகச் சேர்ந்தவர். அந்த மேடைக்கு மூன்று பக்கமும் ஆட்கள். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் இருக்கை இருந்தும் மேடையிலிருந்து 65 அடிக்கு அப்பால் ஒருவரும் இல்லை. எப்போதும் யாராவது ஒருவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், ஆகவே முதுகாலும் நடிக்கத் தெரிய வேண்டும் என்று அன்று காலை ஒப்பனைக் கதிரையில் இருந்து சொன்னார். ஒரே வாரத்தில் ஒரு நாடகத்தில் பிரபு, இன்னொன்றில் வாயிற்காவலன். அதற்கிடையில் கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசியில், பிறகு மற்றத் தொடர்களில், நீதிபதி, பாதிரியார், கடைக்காரர், தாத்தா.

தமிழில் 'குணச்சித்திர நடிகர்' என்றால் அதிலே ஒரு மதிப்பு தொனிக்கும். கனடாவில் அது வாடகை கட்டும் வழி. டக்ளஸ் ரெய்னைப் பற்றியும் அவர்தான் சொன்னார். வின்னிபெக்கில் பிறந்தவர், ஸ்ட்ராட்ஃபோர்டின் முதல் பருவத்திலிருந்தே நடித்தவர், பல பத்தாண்டுகள் அந்த மேடையில் நின்றவர். உலகத்துக்கு அவர் யார் என்றால், 1968இல் வந்த ஒரு விண்வெளிப் படத்தில் ஹால் என்ற கணினியின் குரல். முகமே இல்லை. "எனக்காவது முகம் வருகிறது" என்று சிரித்தார்.

எங்கள் தொடர் கனேடியத் தொடர். வரிச்சலுகைக்குப் பத்துப் புள்ளிக் கணக்கு உண்டு, ஆறு வேண்டும். இயக்குநருக்கு இரண்டு, எழுத்தாளருக்கு இரண்டு, முதல் நடிகருக்கு ஒன்று, இரண்டாம் நடிகருக்கு ஒன்று, இப்படிப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூச்சியம். அவர் இந்த நாட்டு மேடையில் எத்தனை வருடம் நின்றவர் என்றாலும் பூச்சியம்தான். ஆனாலும் எங்கள் தொடரில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. ரொறன்ரோவை நியூயோர்க் என்று காட்டுகிற அமெரிக்கத் தொடர்களில் 'சாரி' என்று சொல்ல வேண்டும், இங்கே தன் சொந்த 'சொறி'யைச் சொல்லலாம் என்றார். தமிழ்நாட்டுக்காரர் 'சாரி' என்றும் நாங்கள் 'சொறி' என்றும் சொல்வது எனக்கு நினைவு வந்து சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார். விளக்கினேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் எல்லாரையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'சேர்' என்றேன். தனக்கு இன்னும் அந்தப் பட்டம் தரப்படவில்லை என்றார்.

இவ்வளவும் காலையில் நடந்தது. அவருடைய வரியை எடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு அரை நாள் முழுக்க நேரம் இருந்தது.

முதல் டேக்கில் எழுதியபடி பேசினார். இரண்டாவது டேக்கில், சத்தம் ஏதும் கேட்டதா என்று பொலிஸ்காரி கேட்டபோது 'நோ' சொல்லவில்லை. தலையை ஒருதரம் ஆட்டினார். பிறகு வாயைத் திறந்து, மூடி, வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு செக்கன், கூடிப்போனால் மூன்று. நான் மொனிட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். எண்ணிக்கை என் தலைக்குள் தானாகவே ஓடியது: இப்போது நான்கு வரி. ஒன்றுக்கு இடம் இருக்கிறது.

இயக்குநர் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். "அந்தக் கிண்ண வரியைப் போடலாம், கணக்கு இடிக்காது" என்று சொன்னால் போதும். அவர் பொல்லாதவர் இல்லை. சொல்லியிருந்தால் சரி என்றிருப்பார்.

தளத்தில் வசனம் தாளின்படி வருகிறதா என்று பார்க்கிற ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர், அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார், "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். பெரியவர் தன் சொந்த உச்சரிப்பில் "சொறி" என்றார். மூன்றாவது டேக்கில் 'நோ' சரியான இடத்தில் வந்தது. அதுதான் ஒளிபரப்பானது.

அவர் எனக்காகத்தான் அந்த இடத்தை விட்டுவைத்தாரா? சில நாள் ஆம் என்று நினைக்கிறேன். சில நாள், எழுபத்தெட்டு வயது மனிதருக்கு ஒரு வரி மறந்துபோனதை நான் நாடகமாக்குகிறேன் என்று படுகிறது. நான் ஏன் பேசவில்லை என்பதற்கும் பதில்கள் வைத்திருக்கிறேன். தளத்தில் இயக்குநரிடம் வசனம் பற்றிப் பேசுவது என் இடம் இல்லை. ஒளி போய்க்கொண்டிருந்தது. இன்னொரு நிறத் தாள் அடிக்க வேண்டி வரும். எல்லாம் உண்மை. ஆனால் பேசியிருந்தால், அந்த வரி எப்படிப் போனது என்று யாராவது பெரியவர் முன்னாலேயே கேட்டிருப்பார்கள். அதுவும் உண்மை.

ஆக்ட்ரா உறுப்பினர்களின் மருத்துவக் காப்புறுதி எவ்வளவு என்பது முந்தைய வருடம் உழைத்ததைப் பார்த்துத்தான் தீர்மானமாகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த ஓரிருநூறு டொலர் அவருக்கு எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கமாக அமைந்தது என்று தெரியாது. பெரும்பாலும் எதையும் மாற்றியிருக்காது. இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்ட நாளில் சரியாகச் சாப்பிடவில்லை.

எபிசோட் வந்த இரவு, என் பெயர் ஓடும் என்பதற்காக அம்மா முழித்திருந்து பார்த்தா. பெரியவர் வாசலுக்கு வந்ததும் நான் திரையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். "இது எங்கட எக்ளிண்டன் பக்கமெல்லே?" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னும் அதே வேலைதான். அதே மாதிரி மின்னஞ்சல்கள் வருகின்றன. இப்போது ஒற்றைச் சொல் வரிகளைத்தான் முதலில் எடுக்கிறேன். 'யெஸ்', 'நோ', 'மேபி'. தலையாட்டினால் போதும், பெரிய வரிகள் தப்பிக்கும். பெரியவருக்குக் கட்டும் கடன்போல அதைச் செய்துவருகிறேன். போன வருடம் ஒரு தாதி வேடம். அப்படித்தான் ஒரு 'நோ'வை எடுத்தேன். அந்தப் பெண் மதிய இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள். கையில் பழைய தாள். முழுக் காட்சியையும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் யோசித்து வைத்திருந்தாளாம். யார் எடுத்தது என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டாள். கிண்ணக் கதையிலிருந்து தொடங்கினேன். பாதியிலேயே அவளை ஒப்பனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.