மாமிக்குச் சொல்லாத பாதி

"மிஸ், பிள்ளைக்கு ஒண்டும் இல்லையெண்டு மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

என்னைப்போல வீடுவீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் எதையாவது மறைக்கச் சொல்வது புதிதல்ல. ஆனால் நல்ல செய்தியை மறைக்கச் சொன்னவள் இவள்தான்.

ஏழாம் மாதம். நாரி நோ என்றுதான் தொடங்கினாள். கேட்கக் கேட்க மிச்சம் வந்தது: படுக்கையில் புரண்டால் கவட்டு எலும்பு பிளக்கிற மாதிரி, ஒற்றைக்காலில் நின்று உடுப்புப் போட ஏலாது, மோட்டார்சைக்கிளில் ஏறுவது பெரும்பாடு. இரத்தப்போக்கு, காய்ச்சல், சலக்கடுப்பு எதுவும் இல்லை. கிளினிக்கில் டொக்டரும் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு மூட்டுகளின் நோதான் என்றார். 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருவது. இடுப்பெலும்புகள் முன்னால் சேருகிற மூட்டின் இடைவெளி வழமையாக 4–5 மில்லிமீற்றர். கர்ப்பத்தில் இன்னும் 2–3 கூடும். அதை அளந்து நோவை அளக்கவும் முடியாது. பிள்ளைக்குப் பாதிப்பில்லை.

அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் அவள் பயந்தாள். பிள்ளைக்கு ஆபத்தில்லாத நோ அந்த வீட்டில் நோவே இல்லை. கிணற்றில் தண்ணி அள்ளுவது அப்படியே தொடரும். மாமியையும் குறைசொல்ல மனம் வரவில்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வயிற்றுப்பிள்ளையோடு நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனவர். அந்தப் பிள்ளைதான் இவளின் புருஷன்.

மாமி தேத்தண்ணியோடு வந்து நேராகவே கேட்டார்: "தங்கச்சி, பிள்ளைக்கு ஏதும் பிசகோ?"

"பாரம் தூக்கக் கூடாதம்மா. குந்தக் கூடாது. படுக்கேக்க முழங்காலுக்கிடையில தலையணை வைக்கவேணும். கவனமாப் பாக்கவேணும்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. திரும்பக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை, முகம்தான் மாறியது.

வாளி மகன் கைக்குப் போனது. அதோடு நின்றிருந்தால் இதை எழுதவே வந்திருக்காது. அடுத்த முறை போனபோது அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. நோகாத அளவுக்கு நடமாடுவதுதான் இதற்கு நல்லது. மாமி நித்திரையில்லாமல் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பயத்தைக் கொடுத்துத்தான் அவளுக்கு ஓய்வு வாங்கியிருக்கிறேன். வேறு எதைக் கொடுத்திருக்கலாம் என்றும் தெரியவில்லை.

சரி என்று உடைத்தே சொன்னேன்: "பிள்ளை சுகமா இருக்கு. மெல்ல நடக்கட்டும்."

"அப்ப தண்ணி அள்ளலாமோ?"

"இல்லையம்மா."

"ஏன்?"

"அவளுக்கு நோகும்."

இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.