நெல்லுக்காகக் கட்டிய வீடு

எங்கள் வீட்டுத் திண்ணைக் கூரையில் இருக்கும் சீமை ஓட்டைப் புரட்டினால் பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சங்கத்தின் பெயரும் 1865 என்ற வருஷமும் அச்சாகியிருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் வீடு கட்டிய வருஷம் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மங்களூரில் அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் பின்கட்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே இருப்பது நாட்டு ஓடு.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். குயவர்கள் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, காய்வதற்குள் நெடுக்கில் இரண்டாக அறுத்து, சூளையில் வேக வைத்த ஓடு இது. ஒரு வரிசையை மல்லாத்தி, அதன்மேல் ஒரு வரிசையைக் கவிழ்த்து அடுக்குவார்கள். ஆணியும் இல்லை, கலவையும் இல்லை. தன் பாரத்தில் தானே நிற்கும். பூனை ஓடினாலும் நகர்ந்துவிடும் என்பதால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பின்கட்டு ஓடு பாதிக்கு மேல் சரிந்தது. கூரையைத் தாங்கும் பனங்கைமரம் ஒன்றுகூட அசையவில்லை. தப்பிய ஓட்டைப் பொறுக்கி மறுபடி அடுக்கினோம்.

இந்த வீட்டில் நெல்லுக்கு ஒதுக்கியது போகத்தான் மனுஷர்களுக்கு இடம் என்று எனக்குத் தோன்றும். கூடத்தை ஒட்டிய அறை முழுக்கப் பத்தாயம்தான், நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி. அதன் அகலம் அறை வாசலைவிடப் பெரிது. உள்ளேயே வைத்துத்தான் பலகைகளை இணைத்திருக்க வேண்டும். பலகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் தச்சர் உளியால் கீறிய கோடுகள் இருக்கின்றன, எதன்மேல் எது வர வேண்டும் என்பதற்காக. டார்ச் அடித்து விரலால் தடவினால் இன்றைக்கும் எண்ணலாம். மேலே கொட்டுவார்கள், அடியில் இருக்கும் சின்ன வாய் வழியாக எடுப்பார்கள். பழைய நெல் முதலில் செலவாகும்.

முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்பக்கமாகச் சரிகிறது. விழுகிற தண்ணீர் மூலையில் உள்ள தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போய்விடும். எவ்வளவு கொட்டினாலும் தாழ்வாரத்துக்கு ஏறியதில்லை.

கொல்லை வாசலுக்கு வெளியே முழங்கால் உயரத்தில் ஒரு மேடை இருக்கிறது. வயலில் உழைத்த பண்ணையாட்களுக்கு அப்போது முன்வாசல் கிடையாது. அவர்களுக்குக் கூலி நெல்லை மரக்காலால் அளந்து போட்டது இந்த மேடையில்தான். தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். மேடையை இடித்துவிட்டு பாத்ரூம் கட்டலாம் என்று சித்தப்பா சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. தேக்குத் தூணை வைத்துக்கொண்டு இதை மட்டும் இடித்தால், பத்தாயத்துக்கு நெல் யார் உழைப்பில் வந்தது என்பதையே மறைத்த மாதிரி ஆகும்.

இப்போது நடக்கிற வேலை சுவர். செங்கல்லை மண்சாந்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர் இது. டெல்டாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதனால் ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அப்பா காலத்தில் சிமெண்ட் பூசிய இடத்திலெல்லாம் உப்புப் பூத்து, உள்ளே செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. பழைய வீட்டுக்கு சிமெண்ட் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. பணமும் செலவழித்து, சுவரையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி ஊற வைத்திருக்கிறோம். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு தனிப் பானையில் தண்ணீரில் போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் மணலும் சுண்ணாம்பும் அரைக்க வேண்டும். கொத்தனாருக்கு எழுபது வயதிருக்கும். கரண்டியால் கொஞ்சம் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். கலவை விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

“இன்னும் ஒரு நாள் அரைக்கட்டும்மா. இதுல அவசரப்பட்டா வெடிப்பு விடும்” என்றார்.

சரி என்றேன். மேற்குச் சுவர் இந்த மாதம் முடிந்துவிடும். கிழக்குச் சுவரில் சிமெண்ட்டை உரிக்கும் வேலை பாக்கி. ஆட்கள் எல்லாம் சம்பா அறுப்புக்குப் போய்விடுவார்கள், அதனால் அது மாசிக்கு அப்புறம்தான்.