டிராம்போன்காரர் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது

டிராம்போன் (நீட்டிச் சுருக்கும் குழாய் உள்ள பித்தளைக் காற்று வாத்தியம்) வாசிப்பவர்களுக்கு, ஜெர்மனியில் ஆர்கெஸ்ட்ராவில் சேரும் தேர்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் நின்று டேவிட் எழுதிய டிராம்போன் கான்செர்டினோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேரும் சிறு படைப்பு), அதைத் தாண்டினால் மொசார்ட் ரெக்வியமின் ‘டூபா மிரும்’, ராவெலின் பொலேரோ இரண்டிலும் வரும் டிராம்போன் தனிப்பகுதிகள். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே சுருதி (‘ஏ’ ஸ்வரத்தின் அதிர்வெண்) பெரும்பாலும் 442 அல்லது 443 ஹெர்ட்ஸ். 440-லேயே பழகியவர்கள் புறப்படும் முன் சில வாரங்களாவது 443-க்கு வாசித்துப் பாருங்கள்.

வயிற்றெரிச்சல் எல்லாம் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான். ‘நடத்தும் வீடியோ அனுப்பவும்’ என்று மட்டும் அறிவிப்பில் இருந்தது. அரங்கின் பக்கமிருந்து எடுத்ததை அனுப்பினால், முதுகுதான் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்கூட்டியே கேட்டபோது அலுவலகத்தில் கிடைத்த ஒரே பதில், “அறிவிப்பில் உள்ளபடி”. இன்னொரு முறை ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டுவது எவ்வளவு பெரிய வேலை!

கேமராவை வாத்தியக்காரர்களின் பக்கம், டிம்பனிக்கு (பின்வரிசையில் இருக்கும் பெரிய முரசுகள்) அருகே உயரமான ஸ்டாண்டில் வையுங்கள். முகமும் இரண்டு கைகளும் முழுதாகத் தெரிய வேண்டும். அங்கேயே ஒலியையும் பதிந்தால் டிம்பனியும் பித்தளை வாத்தியங்களும் வயலினை விழுங்கிவிடும். ஒலியை அரங்கின் பக்கம் தனியாகப் பதிந்து, பிறகு படத்தோடு சேருங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக இரண்டு பியானோவை நடத்தும் பதிவைச் சில இடங்களில் ஏற்பார்கள்; ஏற்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கண்டம் பியானோ. முழு ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள இசைப்பிரதி) பார்த்து அங்கேயே வாசிக்கச் சொல்வார்கள். ஷூமானின் மூன்றாம் சிம்பொனியை வாசித்தவர்களுக்கு ஆல்டோ க்ளெஃப் (அதன் ஆல்டோ டிராம்போன் வரிக்கும் வியோலாவுக்கும் பயன்படும் ஸ்வரக் குறி) தண்ணீர் பட்ட பாடு. வியோலா வரி தானாக வந்துவிடும். சிக்கல் எஃப் ஹார்னிலும் ஏ கிளாரினெட்டிலும். ஹார்ன் எழுதியதைவிட ஐந்தாம் ஸ்வர இடைவெளி கீழே ஒலிக்கும், ஏ கிளாரினெட் மூன்று அரைச்சுருதி கீழே. முதலில் இடது கையில் பாஸ், வலது கையில் ஹார்ன் வரி மட்டும். அது கைக்கு வந்த பிறகே கிளாரினெட்.

நடத்திக் காட்டும் சுற்றில் டிராம்போன்காரருக்கே சாதகம். பிராம்ஸ் முதல் சிம்பொனியில் மூன்று பகுதிகள் சும்மா உட்கார்ந்துவிட்டு, நான்காவதில் மெல்லிய கோரலோடு (தேவாலயப் பாடல் போன்ற நிதானமான இசை) டிராம்போன்கள் நுழைய வேண்டும். அங்கே கை மட்டும் காட்டினால் போதாது, கூடவே மூச்சும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது நமக்குத்தானே தெரியும்! அதைச் செய்ததும் தேர்வாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இடமும் கிடைத்தது.

ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் வேலையும் கிடைத்தால், அங்கே சோதனை ஆண்டு முடியும்வரை வெளியே நடத்தும் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிரந்தரம் பற்றி வாக்களிப்பவர்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கள். அதன் பிறகும், ஒத்திகை அட்டவணை வெளிவரும் முன்பே நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி வையுங்கள்.