நட்சத்திரம் முதலில் வந்தால்

கொழிஞ்சாம்பாறையில் அண்ணன் அச்சகம் வைத்திருக்கிறார். ஆவணி பிறந்தால் போதும், தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும். பழைய டிசைன் ஃபைலைத் தேடி எடுக்க அவருக்கு ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி எழுதிக் கொடுத்திருந்தேன். தேடும் சொல்லில் நட்சத்திரக் குறிக்கு (*) எத்தனை எழுத்தும் பொருந்தும், கேள்விக்குறிக்கு ஒரே எழுத்து.

ஃபைல் பெயரை இப்படி ஒப்பிட பைத்தானோடு வரும் எஃப்என்மேட்ச் இதற்குப் போதவில்லை. 'பாலக்காடு' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் காலும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் அதற்கு 9. ஐந்து கேள்விக்குறி போட்டால் பொருந்தாது. அதனால்தான் எழுத்தாகப் பிரித்துக்கொண்டு ஒப்பிடும்படி நானே எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புரோகிராமைச் சீர்படுத்த உட்கார்ந்தேன். பாதி வரிகள் டேப், பாதி ஸ்பேஸ். ஒரு வேரியபிளுக்கு வெறும் 'எல்' (l) என்று பெயர். திரையில் அது எண் 1-ஆ, எழுத்து 'எல்'-ஆ என்றே தெரியாது. பைத்தானை எழுதும் நடைக்கு 2001-ல் வந்த வழிகாட்டியான பெப் 8 இந்தப் பெயரை வைக்கவே வேண்டாம் என்கிறது. மாற்றினேன், மனசுக்கு நிறைவாக இருந்தது. அந்த வேகத்தில் 'இஃப் ஸ்டார் இஸ் நாட் நன்' (if star is not None, அதாவது நட்சத்திரத்தின் இடம் பதிவாகியிருந்தால்) என்ற வரியையும் நீளமாகத் தெரிகிறதே என்று 'இஃப் ஸ்டார்' எனச் சுருக்கிவிட்டேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

மறுநாள் காலை அண்ணன் போன். "டேய், ஒரு பத்திரிகையும் காட்ட மாட்டேங்குதுடா, ஆள் வந்து நிக்கிறாங்க."

அவர் தேடியது '*பத்திரிகை'. எழுத்து பொருந்தாத இடத்தில், கடைசியாகப் பார்த்த நட்சத்திரத்துக்குத் திரும்பி, அதற்கு இன்னும் ஓர் எழுத்தை விட்டுக்கொடுத்து மறுபடி முயல வேண்டும். என் லைப்ரரி நடப்பதே அப்படித்தான். பைத்தான் இடங்களை 0-விலிருந்து எண்ணும்; அந்த நட்சத்திரம் முதல் இடத்தில் இருந்தால் அதன் எண் 0. வெறும் 'இஃப்' போட்டால் பைத்தானுக்கு 0 என்றால் இல்லை என்று பொருள். நட்சத்திரமே இல்லை என்று நினைத்துக் கைவிட்டுவிட்டது. என் டெஸ்டுகளில் நட்சத்திரம் எல்லாமே கடைசியில்தான் நின்றன. இப்படிச் சுருக்காதே என்று அதே பெப் 8 எச்சரிக்கவும் செய்கிறது. 'எல்' பற்றிப் படித்த நான் அதைப் படிக்கவில்லை.

வரியைப் பழையபடி ஆக்கினேன். இனி டேப்பும் பெயரும் ஒரு கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில்), நடத்தையைத் தொடும் எதுவும் வேறு கமிட்டில். டெஸ்டுகளில் இப்போது முதலில் நிற்பது '*பத்திரிகை'.