பின்பக்கத்திலிருந்து வாசிக்கக் கற்பித்தவர்

வரலாறு பற்றியும் இன்றைய சமூகப் பிரச்சினைகள் பற்றியும் வாசிக்கத்தக்க சில நூல்களை அறிமுகப்படுத்துமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். அத்தகைய நூல்களைத் தெரிவுசெய்யும் முறையை எனக்குக் கற்பித்தவர் உயர்தர வகுப்பில் வரலாறு போதித்த எங்கள் ஆசிரியர் ஆகையால், நூல்களைப் பற்றி எழுத அமர்ந்தால் அவரைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடிவதில்லை.

புதிய நூலொன்று கைக்கு வந்தால் அவர் முதலில் பின்பக்கத்தைத்தான் திறப்பார். சான்றுக் குறிப்புகளையும் பொருளடைவையும் பார்த்து முடித்த பின்னரே முன்னுரைக்கு வருவார். ஒருமுறை நூலகத்திலிருந்த தடித்த வரலாற்று நூலொன்றின் பொருளடைவை எங்களிடம் தந்து, அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் எத்தனை வரிகள், பஞ்சத்துக்கும் கூலிக்கும் எத்தனை வரிகள் என்று எண்ணச் சொன்னார். அரசர்களின் பெயர்கள் பத்தி பத்தியாக நீண்டன. பஞ்சத்துக்கு ஒரே ஒரு பக்க எண் இருந்தது. கூலி என்ற தலைப்பே இல்லை. அந்நூல் பொய் சொல்லவில்லை, ஆனால் யாரைப் பற்றிப் பேசுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிட்டது என்று அவர் விளக்கினார். எந்தக் கூற்றைப் படித்தாலும் "இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் அவர் எங்களிடம் விதைத்தது.

அக்கேள்விக்கு அடிப்படையான சிந்தனையை நான் பின்னாளில் பிரெஞ்சு வரலாற்றாளர் மார்க் புளொக்கின் 'வரலாற்றாளரின் கலை' என்ற நூலில் கண்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இணைந்த புளொக், 1944 ஜூன் 16 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். முற்றுப்பெறாத அந்நூல் 1949இல்தான் வெளிவந்தது. பிற்காலத்தவர் படிக்கவேண்டும் என்று எண்ணி எழுதப்பட்ட சான்றுகளைவிட, அவ்வெண்ணம் இல்லாமலே விடப்பட்ட சான்றுகளுக்கு அவர் கூடுதல் மதிப்பளிக்கிறார். அரசவைக் குறிப்பு தன்னைப் பற்றி நல்லதையே சொல்லும். கணக்கேட்டுக்கு அந்த அக்கறை இல்லை.

இதற்கு அடம் ஹொக்ஷீல்டின் 'லெயோபோல்ட் மன்னரின் ஆவி' என்ற நூலைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை. 1998இல் வெளிவந்த இந்நூல், 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னரின் தனிச்சொத்தாகவே இருந்த கொங்கோவில் இறப்பருக்காக மக்கள் அடிமைப்படுத்தப்பட்ட வரலாற்றைச் சொல்கிறது. அதில் எட்மண்ட் மொரெல் என்ற கப்பல் நிறுவன ஊழியர் வருகிறார். பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் சரக்குப் பதிவுகளைப் பார்ப்பது அவருடைய வேலை. கொங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் இறப்பரும் தந்தமும் நிரம்பி வருவதையும், அதே கப்பல்கள் திரும்பிச் செல்லும்போது பெரும்பாலும் படையினரையும் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையுமே ஏற்றிச் செல்வதையும் அவர் கவனித்தார். அத்தனை இறப்பருக்கும் ஈடாக அனுப்பப்படும் பண்டம் எதுவுமே இல்லையென்றால், அங்கு நடப்பது வணிகமன்று, கட்டாய உழைப்பே என்ற முடிவுக்கு அவர் கொங்கோவில் காலடி வைக்காமலே வந்தார். இப்பகுதியை நான் வாசித்தபோது எங்கள் ஆசிரியரின் குரலே காதில் விழுந்தது. நூலுக்கு ஒரு குறையும் உண்டு: கொடுமையை அனுபவித்த ஆபிரிக்கர்களின் சொந்தக் குரல் அதில் மிகக் குறைவாகவே ஒலிக்கிறது. எழுத்தில் எஞ்சியவை பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதியவை என்பதை ஹொக்ஷீல்டே வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறார். அந்நேர்மைக்காகவும் நான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு அமர்த்தியா சென்னின் 'வறுமையும் பஞ்சங்களும்' (1981) அறிமுகமாகியிருக்கும். 1943இன் வங்கப் பஞ்சத்தின்போது கிடைத்த உணவின் அளவு, பஞ்சமில்லாத 1941இல் கிடைத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது என்று அவர் வாதிடுகிறார். உணவு இருந்தும் அதைப் பெறும் சக்தியைச் சிலர் இழந்ததையே அவர் பஞ்சத்தின் காரணமாகக் காண்கிறார். ஒருவருக்கு முடிவெட்டிப் பெறும் கூலிக்கு எவ்வளவு அரிசி வாங்க முடிந்தது என்று அவர் கணக்கிடும் இடத்தில், நாவிதரும் மீனவரும் விவசாயக் கூலிகளும் முதலில் வீழ்ந்தது ஏன் என்பது தெளிவாகிவிடுகிறது. அவருடைய புள்ளிவிவரங்களை மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆர்வமுள்ளவர்கள் அந்த விவாதத்தையும் தேடிப் படிக்கவேண்டும்.

இன்றைய பிரச்சினைகளைப் பற்றிய நூல்களில் அவசரத்தில் எழுதப்பட்டவையே மிகுதி. அவற்றுள் நான் தயங்காமல் பரிந்துரைப்பது மத்தியூ டெஸ்மண்டின் 'வெளியேற்றப்பட்டோர்' (2016). அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாடகை கொடுக்க முடியாமல் வீடிழக்கும் குடும்பங்களைப் பற்றியது இது. அம்மக்களிடையே தாமும் குடியிருந்து, நீதிமன்றப் பதிவுகளையும் ஆராய்ந்து எழுதிய இந்நூலின் கதைப்பகுதியில் அவர் தம்மைப் பற்றிப் பேசுவதே இல்லை. தாம் எப்படி அறிந்தார் என்பதை இறுதியில் தனியாக விளக்குகிறார். வறுமையினால் வீடு பறிபோகிறது என்பதே நாம் அறிந்தது. வீடு பறிபோவதனாலேயே வறுமை ஆழமாகிறது என்பதை இந்நூல் குடும்பம் குடும்பமாகக் காட்டுகிறது.

எங்கள் ஆசிரியர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: "மறுத்தவர் என்ன சொன்னார்?" அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த நூல் என்று நான் மதிப்பது டாக்டர் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. 1936இல் லாகூரில் சாதி எதிர்ப்பு அமைப்பொன்றின் மாநாட்டுக்குத் தலைமையுரையாக எழுதப்பட்டது அது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை மாற்றக் கேட்டனர், அவர் மறுத்தார், கூட்டம் கைவிடப்பட்டது, அவர் அதைத் தம் சொந்தச் செலவில் நூலாக்கினார். அடுத்த பதிப்பில் காந்தியடிகள் எழுதிய மறுப்பையும் தம் பதிலையும் அவர் சேர்த்தே அச்சிட்டார். தம்மை மறுத்தவரின் வாதத்தைத் தம் நூலுக்குள்ளேயே வாசகர் முன் வைக்கும் துணிவு, தம் சான்றுகளில் உறுதியான நம்பிக்கை உள்ளவருக்கே வரும். நூல் வெளிவந்த சிறிது காலத்திலேயே அது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது; ஆகவே தமிழ் வாசகர் ஒருவர் இதைப் படிக்காமலிருக்கக் காரணமே இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, முதலில் ஹொக்ஷீல்டைக் கொடுங்கள் என்பேன். நாவல்போல் ஓடும் நூல் அது. அடுத்து டெஸ்மண்டையும் அம்பேத்கரையும் கொடுக்கலாம். சென்னின் நூலில் அட்டவணைகள் மிகுதி என்பதால் பல்கலைக்கழகம் செல்லும் வயது வரை அது காத்திருக்கலாம். பலரும் முதலில் கொடுக்கும், பிரித்தானிய வரலாற்றாளர் ஈ.எச்.காரின் 'வரலாறு என்றால் என்ன?' என்ற நூலை நான் கடைசியில் வைப்பேன். 1961இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான அந்நூல், வரலாற்றைப் படிக்குமுன் வரலாற்றாளரைப் படிக்கச் சொல்கிறது. நாலைந்து வரலாற்றாளர்களை வாசித்துப் பழகிய பிள்ளைக்கே அந்த அறிவுரையைப் பொருத்திப் பார்க்க நூல்கள் கையில் இருக்கும்.